ஷூ மூக்கில் முகம் பார்ப்பது எப்படி?

தூத்துக்குடியில் தோல் ஷூவைக் கண்ணாடியாக மின்ன வைப்பது பெரிய காரியமில்லை. மின்னியதை மின்னியபடியே தெருமுனை வரை கொண்டுபோவதுதான் பெரிய காரியம். கடற்கரைச் சாலையில் உப்புக் காற்று, அனல்மின் நிலையத்துப் பக்கம் கரித்தூள், ஹார்பர் ரோட்டில் லாரிகள் கிளப்பும் புழுதி என்று மூன்று பேர் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த மின் நிலையத்தில் அலகுக்கு 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள். அத்தனைக்கும் தீனி, கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி. மறுபக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு அம்பாரம். ஆகவே நீங்கள் எந்த நிறத்தில் ஷூ வாங்கினாலும் அதற்கு எதிர் நிறத்தில் இந்த ஊரில் அழுக்கு தயாராக இருக்கிறது.

இந்த வழிகாட்டி எல்லாருக்குமானது அல்ல. சுதந்திர தினத்தன்று தருவை மைதானத்தில் விறைப்பாக நிற்கப்போகிற காவலர், அவருக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நிற்கப்போகிற என்.சி.சி. பையன், கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்குச் சென்னைக்கு ரயிலேறுகிற கேடட், கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பனிமய மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் நிற்கப்போகிற மாப்பிள்ளை ஆகிய நால்வருக்கு மட்டும். உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவருக்கும் சங்கு குளிக்கப் போகிறவருக்கும் இதில் ஒரு வரிகூட உதவாது. ஊர் ஓடுவது அவர்களால்தான். பாலிஷ் கேட்பது, ஊர் ஓடுவதை மேற்பார்வை பார்க்கிறவர்கள்.

மேலே சொன்ன நால்வருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தங்களைவிடப் பெரிய ஒருவர் முன்னால் அசையாமல் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அந்தப் பெரியவர் எஸ்.பி.யாக இருக்கலாம், கேப்டனாக இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். தலை நிமிர்ந்தே பழகியவர். உங்கள் எதிரில் அவர் தலை தாழ்வது ஒரே ஒரு தடவைதான், அது உங்கள் ஷூவைப் பார்ப்பதற்காக. அந்த இரண்டு வினாடிக்காகத்தான் நாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேய்க்கப் போகிறோம்.

அசையாமல் நிற்பதற்குப் பலன் இல்லாமல் போகாது. 1838ல் பாரிஸில் டாகேர் என்பவர் உயரத்து ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துத் தகட்டில் உருவம் விழச் சில நிமிடமாவது ஆகும். வண்டி, குதிரை, சனம் எல்லாம் நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒன்றுமே பதியவில்லை. பட்டப்பகலில் தெரு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒருவர் காலைத் தூக்கி வைத்து நிற்கிறார், பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக. புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். கீழே குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவர் அசைந்துகொண்டே இருந்தார், ஆகவே மங்கலாகத் தெரிகிறார். சரித்திரத்தில் தெளிவாக விழ வேண்டுமானால் பாலிஷ் போட்டுக்கொள்பவராக இருக்க வேண்டும், போடுபவராக இருக்கக்கூடாது. நமக்கு வேறு வழியில்லை. நாமே போட்டு நாமே நிற்கப் போகிறோம்.

முதல் படி: உங்கள் ஷூ தோல்தானா என்று பாருங்கள். கடைக்காரர் சொன்னார், பெட்டியில் போட்டிருக்கிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. ஷூவின் நாக்கைப் புரட்டி வெட்டுவாயைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்சின். ரெக்சினுக்குக் கண்ணாடிப் பாலிஷ் ஏறாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். தோலிலும் ஒரு சூது உண்டு. மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோல், கடையிலிருந்து வரும்போதே ஒரு மினுக்கோடு வரும். வாழ்நாள் முழுக்க அந்த மினுக்கோடு அது திருப்தியாக இருக்கும். நீங்களும் அப்படி இருந்துவிடுவது நல்லது.

நல்ல தோலுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வடக்கே ஒரு வரிசையே இருக்கிறது. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948லிருந்து இருக்கிறது. முன்பெல்லாம் ஆவாரம் பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட்டார்கள், இப்போது பெரும்பாலும் குரோமியம். எந்த முறையாக இருந்தாலும், உரித்த பச்சைத் தோல் அழுகாமலிருக்க முதலில் தடவுவது உப்பைத்தான். ஆக, ஷூவுக்கும் உப்புக்கும் பிறந்த நாளிலிருந்தே பழக்கம். பகை, நீங்கள் அதைத் தூத்துக்குடிக்கு வாங்கி வந்த பிறகு ஆரம்பித்தது.

முதல் படிக்கு முந்தைய படி ஒன்று உண்டு, முன்பே சொல்லியிருக்க வேண்டும்: வீட்டில் இடம் பிடிப்பது. பாலிஷ் வேலைக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், முழங்கையை ஊன்ற இடம் வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய இடம் வீட்டில் சாப்பிடும் இடமாகத்தான் இருக்கும். ஆகவே வாசல் திண்ணைக்குப் போய்விடுங்கள். அடியில் தினத்தந்தியை விரியுங்கள். விரிப்பதற்கு முன் படித்துவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஷூவை நகர்த்தி நகர்த்திக் கொலைச் செய்தியை முடிப்பதற்குள் மெழுகு காய்ந்துவிடும்.

இனிச் சாமான்கள். மெழுகுப் பாலிஷ் ஒரு டப்பா. கிரீம் அல்ல, பாட்டிலில் பஞ்சு வைத்து வரும் திரவமும் அல்ல, தகர டப்பாவில் கெட்டியாக இருக்குமே அது. மூடியின் ஓரத்தில் திருகு இருந்தால் திருகலாம், இல்லையென்றால் ஒரு ரூபாய்க் காசை இடுக்கில் கொடுத்து நெம்பலாம். அடுத்து, குதிரை மயிர் பிரஷ் ஒன்று. நைலான் பிரஷ் கேன்வாஸ் ஷூவுக்கும் குளியலறைத் தரைக்கும் ஆனது. பிறகு நைந்துபோன பனியன். புதுப் பனியன் கீறும். பத்துப் பதினைந்து தடவை துவைத்து, அப்பா உடுத்தவும் மாட்டேன் தூக்கிப் போடவும் விடமாட்டேன் என்று வைத்திருக்கும் அந்தப் பனியன்தான் சரி. அவர் தூங்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தேன்மெழுகு, கார்னூபா மெழுகு, கொஞ்சம் சாயம், இவற்றை இளக வைக்க டர்பன்டைன் வகையில் ஒரு கரைப்பான். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போகும், மெழுகு தோலில் தங்கும். கார்னூபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து உதிர்த்தெடுப்பது. உருக வேண்டுமானால் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவு கெட்டி. மினுமினுப்புக்குக் காரணமே அந்தக் கெட்டித்தனம்தான். நம்முடைய பனையும் சும்மா இல்லை. பதநீர், உடன்குடிக் கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலைப்பெட்டி என்று கேட்டதெல்லாம் கொடுத்தது. ஷூவுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. பனையேறிக்கு ஷூ எதற்கு என்று நினைத்திருக்கும்.

டப்பாவின் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், கூடவே ஊர்ப் பெருமையும் வருகிறது. கிவி பாலிஷ் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் விற்பனைக்கு வந்தது 1906ல். செய்தவர் வில்லியம் ராம்சே. மனைவி நியூசிலாந்துக்காரர், அதனால் அந்த நாட்டுப் பறவையின் பெயரை வைத்தார். பறக்கத் தெரியாத பறவை. காலை நம்பியே பிழைக்கிற ஜீவன் என்பதால் பெயர்ப் பொருத்தம் பழுதில்லை. அதே 1906ல்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரக் கம்பெனி அவரை ஒழிப்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஓசியில் ஏற்றிக்கொண்டு கூடவே ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னது என்பார்கள். குடைக்குப் பதில் ஒரு டப்பா கிவி கொடுத்திருந்தால் நம் ஜனம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. வ.உ.சி. தப்பித்திருப்பார். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்சோடு உலகம் சுற்றிய அந்தக் கிவி, 2023ல் பிரிட்டன் சந்தையை விட்டே வெளியேறிவிட்டது. அங்கே எல்லாரும் கேன்வாசுக்கு மாறிவிட்டார்களாம்.

இரண்டாம் படி, சுத்தம். லேசைக் கழற்றுங்கள். கழற்றாமல் துணியால் சுற்றி வளைத்துச் சமாளிப்பவர்களுக்கு ஷூ நாக்கின் இரு பக்கமும் கறுப்புக் கோடு விழும், அது சாக்சுக்குப் போய், சாக்சிலிருந்து அம்மா வாய்க்குப் போகும். ஓரத்தில் அலையலையாக வெள்ளை பூத்திருந்தால் அது உப்பு. அதன்மேல் பாலிஷைப் பூசி மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் மறுநாள் மதியம் அது வெளியே எட்டிப் பார்ப்பதைக் காணலாம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். தூத்துக்குடி வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கருவாட்டுக் களத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மழையில் நனைந்த ஷூ என்றால் உள்ளே காகிதத்தைத் திணித்து, காகிதம் ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூசணமும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பீரோ அடியில் வைப்பவர்கள் பொங்கலுக்கு எடுக்கும்போது பச்சையாக ஒன்றைக் காண்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் போன ஷூக்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த வாரம் யாரும் ஷூவைத் தேடவில்லை.

மூன்றாம் படியில்தான் எல்லாரும் கவிழ்கிறார்கள். பனியன் துணியை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இறுக்கிச் சுற்றி, மீதியை உள்ளங்கையில் முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் துணி சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். நெற்றிக்கு விபூதி எடுக்கிற அளவுக்கு மெழுகைத் தொடுங்கள், அவ்வளவுதான். ஷூ முழுக்க மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். இது அடித்தளம். இதற்குப் பிறகு ஷூவின் மூக்கையும் குதிகால் பக்கத்தையும் தவிர வேறு எங்கும் கை போகக்கூடாது. நடக்கும்போது மடிகிற இடத்தில் மெழுகை ஏற்றினால் முதல் எட்டிலேயே பாளம் பாளமாக வெடித்துவிடும். மூக்கும் குதிகாலும் மட்டும் மடியாதவை. பெரியவர்கள் கண் போவதும் அந்த மூக்குக்குத்தான். நடுவில் இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

மூக்கில் சின்னச் சின்ன வட்டமாக மெழுகைத் தேயுங்கள். முதலில் மங்கும். பயப்பட வேண்டாம், மங்கித்தான் மின்ன வேண்டும். மூன்று நான்கு பூச்சு இப்படி ஏறி, சிறிது காய்ந்த பிறகு, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். மெழுகு துணியோடு ஒட்டிக்கொண்டு வராமல் வழுக்கிச் செல்வதற்குத்தான் அந்தச் சொட்டு. மறுபடி துளி மெழுகு, மறுபடி சொட்டுத் தண்ணீர். போகப் போக மெழுகைக் குறைக்க வேண்டும், அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். கடைசியில் விரல் ஷூவைத் தொடுகிறதா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் வர வேண்டும்.

சீக்கிரம் மின்னட்டும் என்று அள்ளிப் பூசுகிறவன்தான் இந்தக் கலையில் முதல் எதிரி. அள்ளிப் பூசினால் அடியிலுள்ள மெழுகு காயாது, மேலே தேய்க்கத் தேய்க்கப் புரளும். மெல்லிசாகப் போட்டால்தான் தோலின் துவாரம் ஒவ்வொன்றும் நிரம்பிப் பரப்பு சமமாகும். பரப்பு சமமானால் வந்த வெளிச்சம் சிதறாமல் திரும்பிப் போகும். பளபளப்பு என்பது அவ்வளவுதான். இது இந்தக் கடற்கரைக்குப் புதிய பாடமும் இல்லை. மன்னார் வளைகுடாச் சிப்பி இதைத்தான் செய்துகொண்டிருந்தது. தாள் தாளாகப் பூசிக்கொண்டே போகும். ஒரு தாளின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. முத்தின் ஒளி அந்தத் தாள்களின் அடுக்கில் இருக்கிறது. சிப்பிக்கு இன்டர்வியூ இல்லாததால் அவசரமும் இல்லை.

முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961ல். பிறகு 1973ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள். குளிப்பு நின்றாலும் முத்து வியாபாரிகள் தரம் பிரிக்க வைத்திருந்த சொற்கள் வீணாகப் போக வேண்டியதில்லை, ஷூவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆணி என்பது உருட்சியிலும் ஒளியிலும் குறையில்லாத முத்து. ஷூ மூக்கில் உங்கள் மீசையின் இரு முனையும் தனித்தனியாகத் தெரிந்தால் அது ஆணி. மீசை இருக்கிறது, முனை தெரியவில்லை என்றால் அணதாரி. குறுவல் என்பது கோணிப்போன முத்து. டியூப் லைட் நெளிந்து தெரிகிற ஷூவை இதில் சேர்க்கலாம். தூள் என்பது ஆகச் சின்னது. இரண்டு மணி நேரம் தேய்த்தும் பாலிஷ் வாசனை மட்டும் வந்திருந்தால் அது தூள். காவலர் அணிவகுப்புக்கு அணதாரி போதும். மாமனாருக்கு ஆணி வேண்டும். பெண்ணைக் கொடுக்கிறவருக்குக் கண் கூர்மையாகிவிடும்.

தண்ணீர் என்று சொன்னேன், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. பட்டாளத்தில் எச்சில்தான் வழக்கம் என்று யாராவது ஒரு மாமா சொல்லியிருப்பார். அதைத் திண்ணையில் செய்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"ஏல, என்னல செய்தே?"

"பாலிஷ் போடுதேன் ஆச்சி."

"அதுக்கு ஏம்ல துப்புதே?"

"துப்புனாத்தான் மின்னுமாம்."

"ஒங்க தாத்தா வெள்ளக்காரன் கம்பெனியில வேல பாத்தாவ. ஒருநாளாவது துப்புனாவளா? போ, போயி வாயக் கழுவிட்டு வா. அந்தக் கையோட தண்ணிப் பானையத் தொடாத."

ஆச்சி சொல்வதில் விஞ்ஞானமும் இருக்கிறது. எச்சிலில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான், மற்றது அலங்காரம். ஆனால் தூத்துக்குடியில் போர்த் தண்ணீரைத் தொட்டால் காய்ந்த இடத்தில் வெள்ளை படியும், அப்புறம் வினிகர் படிக்குத் திரும்ப வேண்டியதுதான். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் உத்தமம். வல்லநாட்டிலிருந்து அவ்வளவு தூரம் குழாய் வழியே வருகிற தண்ணீர். ஒரு சொட்டுக்கு மேல் செலவழிக்காதீர்கள். குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது, மெழுகு சட்டென்று இறுகும்.

குறுக்கு வழிகள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தேங்காய் எண்ணெய் தடவினால் ஐந்து நிமிடத்தில் மின்னும். ஆறாவது நிமிடத்திலிருந்து ஹார்பர் ரோட்டுப் புழுதி முழுவதும் உங்கள் காலில்தான். வாழைப்பழத் தோலால் தேய்க்கலாம் என்பார்கள், எறும்பு அதை வழிமொழியும். டப்பாவைத் தீயில் காட்டி மெழுகை இளக்கிப் பூசும் வீரர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய கரைப்பான் என்பதை நினைவில் வைத்தால் புருவம் பிழைக்கும். புதன்கிழமை வெள்ளைக் கேன்வாசுக்குப் பள்ளிக்கூட வாசலில் சாக்பீசை உரசிச் சமாளித்த அனுபவத்தைக் கறுப்பு ஷூவில் கரிக்கட்டையை வைத்து முயல்வோரும் உண்டு. அவர்களுடைய கற்பனை வளத்துக்கு ஒரு கும்பிடு.

நேர்வழியைப் பார்க்க வேண்டுமானால் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். காலை நீட்டாமல் பக்கத்தில் குத்தவைத்துப் பாருங்கள். அவர் ஷூவைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தை. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆள் சாய்ந்து நடக்கிறவரா, இழுத்து நடக்கிறவரா என்று தெரிந்துகொள்கிறார். டப்பாவில் மெழுகு காய்ந்து வெடித்திருக்கிறது. வெடிப்பின் ஓரத்தில் மட்டும் துணியைத் தொட்டு எடுக்கிறார், நடுவில் கை வைப்பதில்லை. நகக்கண் எல்லாம் கறுப்பு, ஆனால் ஷூவின் உள்ளே வெள்ளைத் தோலில் ஒரு விரல் அடையாளம் விழவில்லை. பிரஷ்ஷை வலக்கையிலிருந்து இடக்கைக்கு எறிந்து பிடிக்கிறார், ஓட்டம் நிற்பதில்லை. "ஹா" என்று ஒரு ஊது, துணியின் இரண்டு முனையையும் பிடித்து நாலு இழுப்பு, கடைசி இழுப்பில் ஒரு சொடுக்கு. பெட்டியில் பிரஷ்ஷால் டொக் என்று தட்டினால் அடுத்த காலைக் கொடு என்று அர்த்தம்.

கண்ணாடிப் பாலிஷ் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கு ஷூவ வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி, பொழுதடைய வாங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா வராது" என்பார். வாங்குகிற கூலி ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அவர் நம்மை அண்ணாச்சி என்கிறார். நம்மில் பாதிப்பேர் அவரைக் கூப்பிடுவது "ஏய்" என்றுதான். பாலிஷ் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதலில் அவரையும் அண்ணாச்சி என்று கூப்பிடக் கற்றுக்கொள்ளலாம், இதற்குத் தண்ணீர்ச் சொட்டுக்கூட வேண்டாம்.

ஷூ விஷயத்தில் யார் யாருக்கு மரியாதை என்பது பழைய வழக்கு. வெள்ளைக்காரன் நாளில் அரசாங்க அலுவலகத்துக்குள் போகும் இந்தியர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. டல்ஹவுசி காலத்தில் அதை இன்னும் இறுக்கினார்கள். ஐரோப்பிய உடை போட்டிருந்தவருக்கு மட்டும் விலக்கு. 1862ல் சூரத் நீதிமன்றத்தில் அசெசராக இருந்த மானக்ஜி கவாஸ்ஜி என்டி என்பவர், ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று நீதிபதி முன்னால் நின்றுவிட்டார். அன்றைக்குக் காலில் ஷூ இருப்பதே குற்றம். இன்றைக்கு இருக்கிற ஷூ மின்னாதது குற்றம். இரண்டு குற்றத்தையும் கண்டுபிடிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் மாற்றமில்லை.

பாலிஷ் முடிந்தது. இனிக் கொண்டுபோகிற பிரச்சினை. காவலருக்கும் என்.சி.சி. பையனுக்கும் என் ஆலோசனை ஒன்றுதான். தருவை மைதானத்துக்குப் பழைய செருப்பில் போய், கொடியேற்றத்துக்குச் சற்று முன்பு மாற்றிக்கொள்ளுங்கள். மைதானத்து மண்ணில் முதல் "லெஃப்ட் ரைட்"டோடு ஆணி முத்து குறுவலாகிவிடும். ஆனால் பார்வையிடுவது அணிவகுப்புக்கு முன்னால், ஆகவே கணக்கு சரி.

கேடட்டின் நிலை இரங்கத்தக்கது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பிக் காலையில்தான் எழும்பூர் சேரும். கீழ் பெர்த்துக்கு அடியில் ஷூவை வைத்தால் விடிவதற்குள் கோவில்பட்டி, மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக ஏறியவர்களின் பெட்டி அதன் மூக்கில் இடித்திருக்கும். தலைமாட்டில் வைத்துக்கொண்டால் எதிர் பெர்த் அம்மா முகத்தைச் சுளிப்பார். பழைய துணிப்பைக்குள் ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாகப் போட்டு, பனியன் துண்டையும் டப்பாவையும் கூடவே வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு தாண்டியதும் எழுந்து ஒரு பூச்சு போட்டுவிடுங்கள். இத்தனையும் செய்து வேலை கிடைத்துவிட்டால், கப்பலில் உங்களுக்குக் கொடுக்கப்போவது இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ. அதற்குப் பாலிஷ் தேவையில்லை. இதை இன்டர்வியூ முடியும்வரை நினைக்காமலிருப்பது உசிதம்.

மாப்பிள்ளைக்குத்தான் உண்மையான சோதனை. கோயிலிலிருந்து கார் வரை நாலு எட்டு, அதற்குள் மிதிப்பதற்கென்றே சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகள் வந்திருக்கும். கையில் ஆளுக்கொரு மக்ரூனைக் கொடுத்துவிட்டால் உதிராமல் தின்பதில் கவனம் போய்விடும், காலை விட்டுவிடும். இந்துக் கல்யாணமானால் முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும்தான் ஷூ. மறுநாள் மணவறையில் வெறுங்கால், ராத்திரி தேய்த்ததெல்லாம் வாசலில் கிடக்கும்.

வாசல் என்றதும் கடைசியாக ஒரு எச்சரிக்கை. இருநூறு ஜோடி ரப்பர் செருப்புகளுக்கு நடுவில் முகம் தெரிகிற ஷூ ஒன்று கிடந்தால் அது யார் கண்ணிலும் படும். முகம் தெரியும்படி பாலிஷ் போட்டவன் ஷூவைப் பறிகொடுத்துவிட்டு வேறு யாருடைய ஹவாய் செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய கதை மண்டபத்துக்கு ஒன்று இருக்கும். இதற்கு நம்மூரில் நாள்பட்ட வைத்தியம் ஒன்று உண்டு. வலது காலைத் தூணுக்கு இந்தப் பக்கமும் இடது காலைப் பந்தி நடக்கிற பக்கமுமாகப் பிரித்துப் போட்டுவிடுங்கள். ஒற்றைக் காலை யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டு, தாம்பூலப் பையையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது எந்தக் காலை எங்கே விட்டோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் கேட்டால், "ஒண்ணு இங்ஙனதான் கெடந்துச்சு, ஜோடியில்லாம இருக்குன்னு இப்பத்தான் தூர எடுத்துப் போட்டேன்" என்பார்.